ஏழுமலையில் இணையம் – 7: புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை

சென்ற வாரம் வரை: 1944-ல் முதல் மலைப்பாதை திறந்து மோட்டார் வண்டி மேலே ஏறியது முதல், திருமலையின் கதை கூட்டத்தின் கதையாகவே ஆகிவிட்டது. கம்பார்ட்மென்ட்டில் மணிக்கணக்காக அடைந்து கிடந்த பக்தருக்கு நேரம் குறித்துக் கொடுக்க, 2000-ஐ ஒட்டி சுதர்சனம் டோக்கன் வந்தது: கையில் கட்டும் ஒரு பட்டை, அதில் ஒரு பார்கோடு. பிறகு 300 ரூபாய் சிறப்பு நுழைவு டிக்கெட் வீட்டுக் கணினிக்கே வந்து சேர்ந்தது. 2020 மார்ச் 20 அன்று கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. ஜூன் 11-ல் முகக்கவசத்தோடு பொதுமக்களுக்குத் தரிசனம் மறுபடி தொடங்கியது.

இனி...

* * *

மலை திறந்ததே தவிர, இலவச வரிசை நிலைக்கவில்லை.

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்தது. திருப்பதி கவுன்ட்டர்களில் சர்வ தரிசன டோக்கன் கொடுப்பதைத் தேவஸ்தானம் நிறுத்தியது. டோக்கன் வாங்கக் கூடும் கூட்டமே நோயைப் பரப்பிவிடும் என்ற பயம் நியாயமானது. 300 ரூபாய் டிக்கெட் மட்டும் இணையத்தில் தொடர்ந்தது.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த ஐந்து மாத காலம் கையில் போனும் வங்கிக் கணக்கும் இருந்தவர் மலையேறினார். காசில்லாதவருக்கென்று தலைமுறை தலைமுறையாக இருந்த வாசல் மூடிக் கிடந்தது. யாரும் வேண்டுமென்று செய்த அநியாயம் இல்லை இது. ஆனாலும் அந்த ஐந்து மாதத்தை இந்தத் தொடரில் சும்மா தாண்டிப்போக எனக்கு மனமில்லை.

செப்டம்பர் 8-ல் அந்த வாசல் கொஞ்சம் திறந்தது. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஸ்ரீநிவாசம் வளாகத்தில் நாளுக்கு 2,000 இலவச டோக்கன். ஆனால் சித்தூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும். ஆதாரில் இருக்கும் முகவரிதான் சாட்சி.

அப்போதைய சித்தூர் மாவட்டம் இன்று இருப்பதுபோல் சிறியது இல்லை. திருப்பதி, காளஹஸ்தி, நகரி, புத்தூர், மதனப்பள்ளி, பலமநேர், கர்நாடக எல்லையை ஒட்டிய குப்பம் வரை எல்லாம் அதற்குள் அடக்கம். குப்பத்துக்காரருக்கு டோக்கன் உண்டு. அதைவிட எவ்வளவோ பக்கத்தில் இருக்கும் திருத்தணிக்காரருக்கு இல்லை. திருத்தணியும் ஒரு காலத்தில் சித்தூர் மாவட்டம்தான். 1960 ஏப்ரல் 1-ல் எல்லை மாற்றத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. அறுபது ஆண்டுக்கு முன் வரைபடத்தில் இழுத்த ஒரு கோடு, 2021-ல் கவுன்ட்டர் வரிசையில் ஒருவரைத் திருப்பி அனுப்பியது.

செப்டம்பர் 20-ல் அந்தக் கட்டுப்பாடு போனது. நாளுக்கு 8,000 டோக்கன், எல்லா ஊர்க்காரர்களுக்கும்.

தேவஸ்தானம் எதிர்பார்க்காத திசையிலிருந்து கூட்டம் வந்தது. நம் பக்கத்திலிருந்து.

* * *

அது புரட்டாசி.

புரட்டாசி சனிக்கிழமை தமிழ் வீடுகளில் எப்படிப்பட்ட நாள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தளிகை போடும் வீடுகள், நாமம் இட்ட சொம்போடு தெருவில் கோவிந்தா சொல்லி வரும் பிள்ளைகள், வெள்ளி இரவே வேலூர், காட்பாடி, திருத்தணி வழியாகக் கிளம்பும் வண்டிகள்.

அந்த ஆண்டு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தொற்றுப் பரவலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மூடியிருந்தன. அக்டோபர் நடுவில்தான் அந்தத் தடை நீங்கியது. அதாவது, புரட்டாசிச் சனிக்கிழமையில் உள்ளூர்ப் பெருமாள் கோயில் வாசல் பூட்டு. எல்லை தாண்டினால் திருப்பதியில் இலவச டோக்கன். ஜனங்கள் எந்தப் பக்கம் போவார்கள்?

போனார்கள். ஸ்ரீநிவாசம் வாசலில் இரவு முழுக்கக் காத்திருக்கும் கூட்டம். இடைவெளி விட்டு நிற்கச் சொன்னால் யார் கேட்க முடியும்? டோக்கன் தீர்ந்த பிறகும் நகராமல் நிற்பவர்கள். அடுத்த நாள் கோட்டாவுக்கு இன்றே இடம் பிடிப்பவர்கள். மூன்றாம் அலை வரும், வராது என்று நாடே பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

அப்போது தேவஸ்தானத்தின் அறங்காவலர் குழுத் தலைவர் ஒய்.வி.சுப்பா ரெட்டி, நிர்வாக அதிகாரி கே.எஸ்.ஜவஹர் ரெட்டி. முடிவு சீக்கிரமே எடுக்கப்பட்டது. செப்டம்பர் 25-ல் இலவச டோக்கன்கள் இணையத்தில் வெளியாகும். அக்டோபர் 31 வரைக்குமானது, நாளுக்கு 8,000. மறுநாள் முதல் ஸ்ரீநிவாசம் கவுன்ட்டர் கிடையாது. வருபவர் இரண்டு தவணை தடுப்பூசிச் சான்றிதழோ, மூன்று நாளுக்குள் எடுத்த பரிசோதனை முடிவோ கொண்டுவர வேண்டும்.

செப்டம்பர் 25 சனிக்கிழமை. புரட்டாசியின் இரண்டாம் சனி.

* * *

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தி, திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு வெப்சைட் ஏன் விழுகிறது?

தகவல் சொல்லும் பக்கம் வேறு, இடம் ஒதுக்கும் பக்கம் வேறு. தல வரலாறு, பூஜை நேரம், பஸ் விவரம் இருக்கும் பக்கங்களை லட்சம் பேர் ஒரே நேரத்தில் திறந்தாலும் கவலை இல்லை. அந்தப் பக்கத்தின் நகலைப் பல ஊர் சர்வர்களில் வைத்துவிடலாம். சென்னைக்காரருக்குச் சென்னை நகல், மும்பைக்காரருக்கு மும்பை நகல்.

டோக்கன் அப்படி இல்லை. ஒரு நாளின் காலை 9 மணி ஸ்லாட்டில் மிச்சம் ஒரே ஓர் இடம். ஆம்பூரில் ஒருவரும் அனந்தபூரில் ஒருவரும் ஒரே நொடியில் அதை அழுத்துகிறார்கள். யாருக்கு என்பதை ஒரே ஒரு கணக்குதான் தீர்மானிக்க முடியும். அந்தக் கணக்குக்கு நகல் போட்டால் ஒரே இடம் இரண்டு பேருக்குப் போய்விடும். எனவே டேட்டாபேஸ் அந்த இடத்தை முதலில் வந்தவருக்காகப் பூட்டுகிறது. மற்றவரைக் காக்க வைக்கிறது. லட்சம் பேர் காத்திருந்தால் லட்சம் பூட்டு, லட்சம் காத்திருப்பு. சர்வர் மூச்சு முட்டுவது இங்கேதான்.

பணம் கட்டும் டிக்கெட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. இடத்தைப் பூட்டிய பிறகு பக்தர் வங்கிப் பக்கத்துக்குப் போகிறார், ஓடிபி வருகிறது, சில சமயம் வருவதில்லை. அத்தனை நேரமும் அந்த இடம் பூட்டியே இருக்கும். பணம் போகாவிட்டால் திரும்பப் பொதுவுக்கு வரும். ‘கோட்டா முடிந்தது’ என்று சிவப்பாகக் காட்டிய தேதி பத்து நிமிடம் கழித்துத் திடீரென்று பச்சையாவதை முந்நூறு ரூபாய் டிக்கெட் எடுக்கும் குடும்பங்கள் பார்த்திருப்பார்கள். காரணம் இதுதான். இலவச டோக்கனுக்கு வங்கிப் படியே இல்லை. அதனால் அது இன்னும் வேகமாகத் தீரும்.

இதில் பெரிய பெரிய அரசாங்கங்களே சறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1 அன்று மருத்துவக் காப்பீட்டுக்காக ஹெல்த்கேர் டாட் கவ் என்ற தளம் திறந்தது. முதல் நாளில் கடைசிப் படிவரை போய்ச் சேர முடிந்தவர்கள் 6 பேர். பிறகு அவர்கள் செய்த மாற்றங்களில் ஒன்று, உள்ளே இடமில்லாதபோது வருபவரை ஒரு காத்திருப்புப் பக்கத்தில் நிறுத்துவது. நம் நாட்டில், அதே 2021-ன் ஏப்ரல் 28-ல், 18 வயது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசிப் பதிவு திறந்த மாலையில் கோவின் தளம் திணறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று ஒரே நாளில் ஒரு கோடிக்கும் மேல் பதிவுகள்.

காத்திருப்புப் பக்கத்துக்குத் தொழிலில் பெயர் வெர்ச்சுவல் கியூ. பக்தரை நேரே டேட்டாபேஸிடம் விடாமல் வெளிவாசலிலேயே நிறுத்தி, உள்ளே எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை பேரை மட்டும் அனுப்புவது. இன்னும் இவ்வளவு நிமிடம் ஆகும் என்று ஒரு கணக்கும் காட்டும். பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள் என்றும் சொல்லும். வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸின் கம்பார்ட்மென்ட்டுகளும் பல பத்தாண்டுகளாக இதே வேலையைத்தான் செய்துவந்தன.

ஆனால் இதற்கெல்லாம் இயந்திர பலம் வேண்டும். ஆண்டு முழுக்கச் சும்மா கிடந்து, மாதத்தில் ஒரு காலை மட்டும் பல மடங்கு லோடு தாங்கும் சர்வர்களைக் கோயில் சொந்தமாக வாங்கி வைப்பது வீண் செலவு. தேவைப்படும்போது விரிந்து, தேவை தீர்ந்ததும் சுருங்கும் கிளவுட் சேவைதான் வழி. தேவஸ்தானத்துக்கு முன்பே டிசிஎஸ் மென்பொருள் செய்துகொடுத்து வந்தது. கிளவுட் பலத்துக்கு இப்போது ஜியோ கைகொடுத்தது. கட்டணம் வாங்காமல் செய்துதருவதாகத் தேவஸ்தானம் அறிவித்தது.

* * *

சனிக்கிழமைக் காலை.

வேலூரிலும் சித்தூரிலும் காட்பாடியிலும் நெட் சென்டர்களில் இந்த வேலைக்கென்று ஒரு முறையே உருவாகியிருந்தது. குடும்பத்தார் பெயர், வயது, ஆதார் எண் எல்லாவற்றையும் முன்னாலேயே நோட்பேடில் வரிசையாக அடித்து வைத்துக்கொள்வது. பக்கம் திறந்ததும் காப்பி, பேஸ்ட். ஒரு கை மவுஸில், மறு கையில் ஓடிபி வரும் போன். பெயர் ஒவ்வொன்றையும் படிவத்தில் அப்போதுதான் தட்டத் தொடங்குபவர் இரண்டாவது பெயரை முடிப்பதற்குள் தேதி சிவப்பாகிவிடும்.

36 நாளுக்கான டோக்கன்கள், ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம். சுமார் 35 நிமிடத்தில் அத்தனையும் தீர்ந்தன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 8,000. ஸ்ரீநிவாசம் வாசலில் ஓர் இரவு முழுக்கக் காத்திருந்து வாங்கிய ஒரு நாள் கோட்டா, இணையத்தில் ஒரே நிமிடம்.

தளம் விழவில்லை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது பெரிய சாதனை, அதில் சந்தேகமில்லை. ஸ்ரீநிவாசம் வாசல் ஒரே நாளில் காலியானது. அந்தப் புரட்டாசியில் அந்த வாசலிலிருந்து நோய் கிளம்பாமல் இருந்ததில் இந்த முடிவுக்கு நிச்சயமாகப் பங்கு உண்டு.

ஆனால் அன்று பேச்சு வேறொன்றைப் பற்றி எழுந்தது.

* * *

டோக்கன் எடுக்கப் போனவர்களில் கவனமாகப் பார்த்தவர்கள், பிரவுசரின் மேலே முகவரி மாறியிருப்பதைக் கண்டார்கள். தேவஸ்தானத்தின் தளத்தில் அழுத்தினால், ஜியோவின் சப்-டொமைன் ஒன்றுக்குப் போய் நிற்கிறது. ஏழுமலையான் தரிசனத்துக்குத் தனியார் நிறுவன முகவரியா என்று சமூக ஊடகங்களில் கண்டனம் கிளம்பியது. சொந்தத் தளத்தில் இதைக் கட்டி முடிக்க நேரம் போதவில்லை, அதனால்தான் தற்காலிகமாக அந்த முகவரி என்று தேவஸ்தானம் விளக்கம் சொன்னது.

சின்ன விஷயம் போலத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கோயிலின் இணைய முகவரிக்கும் ஒரு வரலாறு உண்டு. முதலில் ‘டிடிடி சேவா ஆன்லைன் டாட் காம்’. காம் என்று முடியும் பெயரைச் சில நூறு ரூபாய் கொடுத்து யாரும் வாங்கலாம். எழுத்து ஒன்றை முன்னே பின்னே மாற்றி இன்னொன்றையும் வாங்கலாம். 2020-ல் அது ‘திருப்பதிபாலாஜி டாட் ஏபி டாட் கவ் டாட் இன்’ ஆனது. கவ் டாட் இன் என்று முடியும் பெயரை அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தருவார்கள். அந்த மாற்றம் பக்தருக்குச் சொன்ன செய்தி ஒன்றுதான்: இந்த வால் இருந்தால் நம்பு, இல்லாவிட்டால் நம்பாதே.

அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்து ஓராண்டு சொச்சத்தில், கோயிலே தன் பக்தரை வேறு வாலுள்ள முகவரிக்கு அழைத்துப் போனது. அவசரம் உண்மை. நல்ல எண்ணமும் உண்மை. ஆனால், ‘முகவரி மாறினாலும் பரவாயில்லை, அழுத்து’ என்று அன்று லட்சக்கணக்கானவர்களுக்குப் பழக்கிவிட்டோம்.

அந்தப் பழக்கத்துக்காகக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். 2023 ஏப்ரலில் தேவஸ்தானம் ஒரு போலித் தளத்தின் மீது போலீஸில் புகார் கொடுத்தது. அது 41-வது போலி. அசல் முகவரியில் புள்ளி இருந்த இடங்களில் சிறு கோடு போட்டு, கடைசியில் ‘ஆர்க்’ என்று முடித்திருந்தார்கள். நிறம் அதே, பக்க அமைப்பும் அதே. வடிவமைப்பைத் திருடுவதற்கு ஒரு மதியப் பொழுது போதும். எந்தப் பக்கத்தின் படத்தையும் வண்ணத்தையும் எழுத்தையும் பிரவுசரே காட்டிக்கொடுத்துவிடும். திருட முடியாதது முகவரியின் அந்தக் கடைசித் துண்டு மட்டும்தான். வாசகர்கள் இனி எந்த முகவரியையும் கடைசியிலிருந்து முன்னால் நோக்கிப் படியுங்கள். முன்னால் எந்தத் தெய்வத்தின் பெயரையும் எவர் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

இந்தப் போலிகளின் கதை தனி அத்தியாயம். பிறகு அதற்கு வருவோம்.

* * *

செப்டம்பர் 25-ன் 35 நிமிடத்துக்குத் திரும்புவோம். அந்த 2 லட்சத்து 80 ஆயிரம் பேர் யார்?

ஸ்ரீநிவாசம் வாசலில் இரவெல்லாம் நின்றவர்கள்தானா அவர்கள்? இருக்க முடியாது. அங்கே முன்னால் நிற்க உடம்பில் தெம்பும் பொறுமையும் போதும். இங்கே முன்னால் நிற்க நல்ல சிக்னலும், ஆங்கிலப் படிவத்தில் பழகிய விரலும், எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திறக்கும் என்ற தகவலும் வேண்டும். இந்த மூன்றும் இருப்பவர் பெரும்பாலும் 300 ரூபாய் கட்டவும் முடிந்தவர். காசில்லாதவருக்கென்று இருந்த வரிசையில், அன்று காசிருப்பவரும் அவருக்கு முன்னால் போய் நின்றார். சட்டப்படி தப்பில்லை. இலவச தரிசனம் எல்லாருக்கும்தான். ஆனால் முதலில் வந்தவருக்கு முதலில் என்ற விதி, நெட்வொர்க்குக்குள் போனதும் வேகமானவருக்கு முதலில் என்று ஆகிவிடுகிறது.

வேறு வழி தேவஸ்தானத்திடமே இருந்தது. சுப்ரபாதம், தோமாலை, அர்ச்சனை போன்ற கட்டண ஆர்ஜித சேவைகளுக்கு இணையத்தில் குலுக்கல் முறை கொரோனாவுக்கு முன்பே நடந்துவந்தது. சில நாள் பதிவுக்கு அவகாசம். அதற்குள் எப்போது பதிந்தாலும் சமம். பிறகு கணினி குலுக்கும். அதில் வேகத்துக்கு மதிப்பே இல்லை. மெதுவாகத் தட்டும் பெரியவருக்கும் நெட் சென்டர் பையனுக்கும் ஒரே வாய்ப்பு. சர்வருக்கும் நெரிசல் இல்லை. தளம் வடிவமைப்பவர் கையில் இருக்கும் உண்மையான அதிகாரம் நிறத்திலும் எழுத்துருவிலும் இல்லை, இப்படிப்பட்ட விதியில்தான் இருக்கிறது. இலவச டோக்கனுக்கு அந்த விதியை அன்று தேர்ந்தெடுக்காதது தவறு என்பதே என் தீர்மானமான கருத்து.

மாதங்கள் போகப் போகப் பந்தயம் இன்னும் சூடானது. டிசம்பர் கடைசியில், வைகுண்ட ஏகாதசி வரும் ஜனவரி மாதம் முழுமைக்குமான 300 ரூபாய் டிக்கெட்டுகள் வந்தன: 4 லட்சத்து 60 ஆயிரம். ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்தன. சில நாள் கழித்து இரண்டரை லட்சத்துக்கும் மேல் இலவச டோக்கன்கள். அவை கால் மணி நேரம் சொச்சத்தில் காலி. வங்கிப் படி இல்லாததன் வேகம்தான் அது.

அப்போது திருப்பதித் தெருக்களில் கேட்ட குறை ஒன்றே ஒன்று. இலவசம் என்கிறீர்கள், போன் இல்லாதவன் எங்கே போவான்?

தேவஸ்தானம் அந்தக் குரலுக்குச் செவிசாய்த்தது. 2022 பிப்ரவரி நடுவில், அலிபிரி பூதேவி வளாகம், ஸ்ரீநிவாசம், ரயில் நிலையத்தை ஒட்டிய கோவிந்தராஜ சுவாமி சத்திரம் ஆகிய மூன்று இடங்களில் இலவச டோக்கன் கவுன்ட்டர்கள் மறுபடி திறந்தன. படிவம் இல்லை, ஓடிபி இல்லை. ஆதாரோடு நேரில் வந்தால் போதும்.

ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அந்த நிம்மதி இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. 2022 ஏப்ரல் 12, செவ்வாய்க்கிழமை, கோவிந்தராஜ சுவாமி சத்திரத்தின் முன் தடுப்புகள் சரிந்தன. அன்றைக்கே டோக்கன் முறையையே தேவஸ்தானம் நிறுத்தி, வந்தவர்களை நேரே மலைக்கு அனுப்பியது.

இணையம் வேண்டாம், கவுன்ட்டர் போதும் என்று கேட்டுப் பெற்ற வரிசை, அறுபதே நாளில் எப்படி உடைந்தது?

(அடுத்த வாரம்)